கொடைக்கானல் வீட்டு ஜன்னலுக்கு எந்தச் சக்குலன்ட்? ரோஜா அடுக்குச் செடிகளைப் பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

இடமாற்றலில் கொடைக்கானலுக்கு வந்த முதல் ஏப்ரலில் ஏழு எச்சிவேரியா வாங்கினேன். இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகளைத்தான் சக்குலன்ட் என்கிறோம், இதுவும் அதில் ஒரு வகை. ரோஜாப்பூ மாதிரி இலைகள் அடுக்கடுக்காக விரிந்து, நுனியில் மட்டும் சிவப்பு ஏறிய செடிகள். வாடகை வீட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன். மே மாதம் முழுக்க நன்றாக இருந்தன. ஜூலையில் ஒவ்வொன்றும் கழுத்தை நீட்ட ஆரம்பித்தது. ஐப்பசி அடைமழையில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், அடுக்கு மட்டும் கையோடு வந்தது, தண்டு தொட்டியிலேயே கூழாக நின்றது. அந்த மாதத்திலேயே நான்கு போய்விட்டன. செடி, பீங்கான் தொட்டி, மண் எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய். பணத்தைவிட, தினமும் காலையில் போய்ப் பார்த்த செடிகள் கண்ணெதிரே அழுகியதுதான் பொறுக்கவில்லை.

அதே நவம்பரில் பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறை ஜன்னலில் ஹவொர்தியா என்ற இன்னொரு சக்குலன்ட், ஆறு வருடமாக அதே இடத்தில், சுற்றிலும் குட்டி போட்டுக்கொண்டு இருந்தது. என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "உரமெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க செடியப் பாத்து வாங்கிட்டீங்க. இங்க ஜன்னலப் பாத்துத்தான் செடி வாங்கணும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது. கீழே இருந்து புதிதாக மேலே வந்து, வீட்டுக்குள் சின்னச் சக்குலன்ட் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

1. ஜன்னலை ஒரு வாரம் பாருங்கள்

எந்தக் கடைக்கும் போகாதீர்கள். முதலில் உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று கைபேசியில் இருக்கும் திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று சொல்லும். அவை ஐரோப்பா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதியவை. நாம் பூமத்திய ரேகைக்கு 10 பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் வராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தெற்கு ஜன்னல் திண்டில் நல்ல வெயில் விழும்.

மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதுதான் மஞ்சு, அதாவது மலையை மூடும் மேகமூட்டம். இங்கே பல நாட்களில் காலை 7 மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கும். மதியம் 2 மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து எதிர்வீடே தெரியாமல் போய்விடும். அதனால் மேற்கு ஜன்னலுக்கு வர வேண்டிய மாலை வெயிலை மஞ்சு தின்றுவிடுகிறது. கிழக்கு ஜன்னலுக்கு வரும் காலை வெயில்தான் வருடத்தில் அதிக நாள் கிடைக்கும். என் ஏழு செடிகளும் மேற்கில் இருந்தன. கீழே மதுரையில் என்றால் அந்த ஜன்னல் செடியைப் பொசுக்கியிருக்கும், இங்கே பட்டினி போட்டது.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். காலை 10 மணிக்கு அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் வெளிச்சம் நல்ல பலம். கை என்று மட்டும் புரிகிற மங்கலான நிழல் என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் சக்குலன்ட்டும் வேண்டாம். இதை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். ஏழு நாள் பாருங்கள், அதில் இரண்டு நாளாவது மஞ்சு நாளாக இருக்கட்டும். எதிரே யூகலிப்டஸ் மரமோ, பக்கத்து வீட்டுத் தகர ஓடு நீட்டிக்கொண்டோ இருந்தால் திசை எதுவானாலும் கணக்கு மாறிவிடும்.

2. எந்தச் செடி என்று முடிவு செய்யுங்கள்

கடையில் எல்லாவற்றையும் கள்ளி என்றோ சக்குலன்ட் என்றோ ஒரே பெயரில் விற்பார்கள். பார்வைக்கு எல்லாமே ரோஜா அடுக்கு. ஆனால் பிறந்த ஊர் வேறு, அதனால் கேட்கும் வெளிச்சமும் வேறு.

ஹவொர்தியா: தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது. அதனால்தான் வீட்டுக்குள் நிலைக்கிறது. நடுத்தர நிழல் விழும் ஜன்னலே இதற்குப் போதும். கடைகளில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று கெட்டியான, கூர்மையான கரும்பச்சை இலையில் வெள்ளை வரி ஓடும் வரிக்குதிரைச் செடி. இதை ஃபேசியேட்டா என்று சொல்லி விற்பார்கள். இலையின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளி முட்டினால் அது அட்டெனுவேட்டா. உண்மையான ஃபேசியேட்டாவில் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். கடையில் இருப்பது அநேகமாக அட்டெனுவேட்டாதான். வளர்க்க அதுவே சுலபம், ஃபேசியேட்டா என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். இந்த வரிக்குதிரை வகைகளை 2013-இல் ஹவொர்தியாப்சிஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். சீட்டில் அப்படி எழுதியிருந்தாலும் குழம்ப வேண்டாம், அதே செடிதான்.

இன்னொரு விதம் கூப்பரி. குண்டு குண்டான இலை, நுனி மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். காலை வெயில் பின்னாலிருந்து பட்டால் ஒவ்வொரு இலைக்குள்ளும் பச்சை நரம்புகள் தெரியும். சொந்த ஊரில் இது மண்ணுக்குள் புதைந்து நுனியை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடி நுனி வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் போகிறது. வரிக்குதிரையைவிடத் தண்ணீருக்குப் பயப்படும். உங்கள் இரண்டாவது செடியாக வாங்கலாம்.

எச்சிவேரியா: பெரும்பாலும் மெக்சிகோ மலைகளைச் சேர்ந்தது. குளிர் இதற்குப் பிரச்சினையே இல்லை. உண்மையில் நம் ஊர் ஜனவரிக் குளிரில்தான் அதன் நிறம் ஏறும். வெளிச்சம்தான் பிரச்சினை. தினமும் நான்கைந்து மணி நேரம் நேர் வெயில் கேட்கும். விரல் விரலாக நிழல் விழும் கிழக்கு ஜன்னல் இருந்தால் மட்டும் வாங்குங்கள், அதுவும் ஒன்றே ஒன்று. இலைமேல் கறுப்புத் திராட்சையில் இருப்பது போல ஒரு வெண்பூச்சு இருக்கும். அதைத் தொட்டால் விரல் ரேகை அப்படியே நின்றுவிடும், அந்த இலையில் மறுபடி பூச்சு வராது. வாங்கும்போது தொட்டியைப் பிடியுங்கள், செடியைப் பிடிக்காதீர்கள்.

செம்பர்விவம்: ஐரோப்பிய மலைகளைச் சேர்ந்தது. எச்சிவேரியா என்று நினைத்து இதை வாங்குபவர்கள் நிறையப் பேர். இலை மெல்லியதாக, கூராக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் பூனை முடி போலத் தெரியும். எச்சிவேரியா இலை அதைவிடத் தடிமன். செம்பர்விவம் திறந்த வானத்தின் கீழ் வளர வேண்டிய செடி. மாடியில் மழை விழாத வெயில் மூலை இருந்தால் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் முயலலாம். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். நடுவிலிருந்து பூத்தண்டு எழும்பினால் அந்த அடுக்கு பூத்து முடிந்ததும் இறந்துவிடும், சுற்றியிருக்கும் குட்டிகள் தொடரும். உங்கள் தவறால் செத்தது என்று வருந்த வேண்டாம். எச்சிவேரியாவுக்கு இலை இடுக்கிலிருந்து பக்கவாட்டில் பூத்தண்டு வரும், பூத்தாலும் செடி பிழைத்திருக்கும்.

கிராப்டோபெட்டாலம்: சாம்பல் நிற அடுக்கு. இங்கே பல வீட்டுச் சுவர்களில் தொங்குவது இதுதான். யாரிடமாவது கேட்டால் ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்துவிடுவார்கள், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. வீட்டுக்குள் வைத்தால் நீண்டு தொங்கிவிடும். வராந்தாவுக்கு நல்ல செடி.

என் சிபாரிசு: முதல் வருடம் வரிக்குதிரை ஹவொர்தியா இரண்டு. அவ்வளவுதான். வீட்டில் பூனையோ நாயோ இருந்தாலும் கவலையில்லை. ஹவொர்தியாவும் எச்சிவேரியாவும் அவற்றுக்கு நஞ்சில்லை. சோற்றுக்கற்றாழையும், கலஞ்சோ என்ற பூக்கும் சக்குலன்ட்டும் அப்படியில்லை, பூனைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

3. எப்போது வாங்குவது

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. காற்று உலர்ந்திருக்கும், காலை வெயில் நீளும், மாற்றி நட்ட செடி வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கும்.

மே மாதம் சீசன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் விலை ஏறும், நல்ல செடிகள் போய்விடும், கடைக்காரருக்கு உங்களிடம் நின்று பேசவும் நேரம் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மஞ்சும் சாரலும். அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை நமக்கு உண்மையான மழைக்காலம், அப்போது எந்தச் சக்குலன்ட்டும் வாங்காதீர்கள். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இதே மழைதான். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் அதிகம் கொட்டும், அங்கிருப்பவர்கள் நாட்காட்டியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

4. செலவு எவ்வளவு ஆகும்

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். சீசனுக்கும் கடைக்கும் ஏற்றபடி கொஞ்சம் கூடும், குறையும்.

வரிக்குதிரை ஹவொர்தியா, மூன்று அங்குலத் தொட்டியில்: 80 முதல் 120 ரூபாய்.
கூப்பரி: 150 முதல் 250.
சாதாரண எச்சிவேரியா: 60 முதல் 120. நிறம் அதிகமான கலப்பினங்கள் 300-க்கு மேல்.
ஓட்டையுள்ள சின்ன மண் தொட்டி: 30, கீழே வைக்கும் தட்டு 15.
பெர்லைட் (மண்ணில் ஈரம் தேங்காமல் இருக்கக் கலக்கும் வெள்ளைப் பொரி போன்ற கல்) ஒரு கிலோ: 150. எடையே இருக்காது, ஒரு கிலோ பெரிய பை நிறைய வரும், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.
மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட், சின்ன பாட்டில்: 50.

இரண்டு ஹவொர்தியாவோடு தொடங்க 500 ரூபாய் போதும். செடியைவிடத் தொட்டிக்கு அதிகம் செலவழிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுற்றுலாக் கடைகளில் யானை, ஆந்தை வடிவப் பீங்கான் கோப்பைகளில் செடி வைத்து 250, 300 என்று விற்பார்கள். தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஓட்டை இருக்காது. மலையின் ஈரக்காற்றில் ஓட்டையில்லாத கோப்பை என்பது செடிக்கு நாள் குறித்த மாதிரி. அடியில் கூழாங்கல் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. தண்ணீர் கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே தங்கி வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

விளக்கு வேண்டுமா என்றும் கேட்பீர்கள். ஜன்னலில் நிழலே விழவில்லை, ஆனால் செடி வைத்தே தீர வேண்டும் என்றால், 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் லைட் ஒன்று 250, 300 ரூபாய்க்குள் கிடைக்கும். செடிக்கு முக்கால் அடி உயரத்தில் மாட்டித் தினமும் 12 மணி நேரம் எரிக்க வேண்டும். மாதம் 7 யூனிட் சொச்சம் ஆகும். ஊதா நிற வெளிச்சம் தரும் விளக்குகளுக்கு 1,000, 1,500 கொடுக்கத் தேவையில்லை. வாடகை வீட்டில் சப்-மீட்டர் என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரவு வரை ஒரு அறையில் விளக்கு எரிந்தால் கேள்வி வரும், எனக்கு வந்தது.

5. கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது

ஒரு அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் கையோடு கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை, மலையில் சோதனையும் அதிகம். அதைவிட, கைப்பைக்குள் செடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இலை உடையும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கினாலும் நர்சரியில் வாங்கினாலும் இந்த நான்கையும் விடாதீர்கள்.

செடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து மிக லேசாகத் திருப்புங்கள். எதிர்ப்பு இருந்தால் வேர் இருக்கிறது. பம்பரம் போலச் சுற்றினால் வெட்டிய தலையை நேற்றுத்தான் மண்ணில் சொருகியிருக்கிறார்கள்.

இலை இடுக்கைப் பாருங்கள். பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. அந்தச் செடியை மட்டுமல்ல, அந்தத் தட்டில் இருக்கும் எதையுமே எடுக்காதீர்கள்.

கீழ் இலை காய்ந்து காகிதம் போல ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வயதான இலை. கீழ் இலை மஞ்சளாகி, ஜவ்வரிசி மாதிரி ஒளி ஊடுருவும்படி இருந்து, தொட்டதும் விழுந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது.

நிறத்தைச் சந்தேகப்படுங்கள். அடர் நீலம், ஊதா, தங்கம் என்று மினுங்கினால் அது பெயின்ட். செடி மூச்சுமுட்டும். இணையத்தில் விற்கும் "வானவில் எச்சிவேரியா விதை, 100 எண்ணிக்கை 99 ரூபாய்" என்பதும் இந்த ரகம்தான். அப்படி ஒரு செடியே கிடையாது.

6. கூரியரில் வரவழைத்தால்

பில், செடியின் பெயர், அனுப்பப்போகும் அதே செடியின் படம், இந்த மூன்றையும் பணம் கட்டும் முன் கேட்டு வாங்குங்கள். "மாதிரிப் படம்" என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கைபேசியில் ஆரம்பம் முதல் கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். பாதிப் பிரித்துவிட்டு எடுத்த வீடியோவைக் காட்டியதால் எனக்கு 700 ரூபாய் திரும்ப வரவில்லை.

சனிக்கிழமை அனுப்பினால் பெட்டி கீழே ஏதாவது கிடங்கில் ஞாயிறு முழுக்கச் சூட்டில் கிடக்கும். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். மண் இல்லாமல், வேர் உலர்ந்த நிலையில், தாளில் சுற்றி அனுப்பச் சொல்வது நல்லது. சக்குலன்ட் ஒரு வாரம் அப்படித் தாங்கும். ஈர மண்ணோடு இருட்டுப் பெட்டியில் வந்தால்தான் தாங்காது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காகவும்தான் அக்டோபருக்குப் பிறகு ஆர்டர் போடாதீர்கள் என்கிறேன்.

தாய்லாந்து, கொரியா இறக்குமதி என்று 2,000, 3,000 சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவர 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாடு கொடுக்கும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டின் நகலையும் கேளுங்கள். கேட்டதும் பேச்சு மாறினால் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் "பையில் போட்டு ஒன்று எடுத்து வா" என்று சொல்வதும் இதே விதிக்குள்தான் வரும்.

கீழே இருந்து யாராவது சொந்த வண்டியில் செடி கொண்டு வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது தேவை. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை.

7. முதல் மூன்று வாரம் தனியாக வையுங்கள்

புதுச் செடியைப் பழைய செடிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வேறு அறையில் வையுங்கள். மாவுப்பூச்சி முட்டை பொரிந்து வெளியே வர அவ்வளவு நாள்கூட ஆகலாம். கண்ணில் பட்டால் காதுப்பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பூச்சிமேல் வையுங்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. எச்சிவேரியாவில் வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள், வெண்பூச்சு போய்விடும்.

8. மண்ணை மாற்றுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நர்சரியில் கொடுப்பது தென்னை நார்த் துகளோ, நம் மலையின் கறுப்பு மண்ணோதான். இரண்டும் ஈரத்தை விடவே விடாது. கீழே சிவகாசியில் அந்த மண் இரண்டு நாளில் காய்ந்துவிடும், இங்கே மஞ்சு மாதத்தில் மூன்று வாரம் ஈரமாகவே இருக்கும்.

நான் போடும் கலவை: ஒரு பங்கு சாதாரணத் தோட்ட மண், ஒரு பங்கு பெர்லைட், ஒரு பங்கு செங்கல் துண்டு. வீடு கட்டும் இடத்தில் உடைந்த செங்கல் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சாக்கில் போட்டுச் சுத்தியலால் தட்டி, மிளகு அளவிலிருந்து கொத்துக்கடலை அளவுக்குள் இருப்பதை எடுங்கள். தூளைக் கோதுமை மாவுச் சல்லடையில் சலித்துத் தூர எறிந்துவிட வேண்டும். செங்கலுக்குப் பதில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கிடைத்தாலும் அப்படித்தான், சலித்துத் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். தூளோடு போட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

பழைய மண்ணை முழுக்க உதிருங்கள். வேரில் வெள்ளை மாவு மாதிரி ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி, குழாயில் கழுவுங்கள். பழுப்பாகக் குழைந்த வேரை வெட்டிவிடுங்கள். பிறகு இரண்டு நாள் தாள்மேல் நிழலில் காய விட்டு, உலர்ந்த கலவையில் நடுங்கள். நட்டவுடன் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு வாரம் கழித்துத்தான் ஊற்ற வேண்டும். ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும் வளர்த்துப் பழகிய கைக்கு இந்த ஒரு வாரம் பொறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

9. தண்ணீர்: ஈர்க்குச்சியைக் கேளுங்கள்

"வாரம் ஒருமுறை" என்று எழுதியிருக்கும் எதையும் நம்பாதீர்கள். தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, தொட்டியின் ஓரமாக அடி வரை செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். உருவும்போது நுனி கறுத்திருந்தாலோ மண் துகள் ஒட்டியிருந்தாலோ தண்ணீர் வேண்டாம். சுத்தமாக, செருகியபோது இருந்த நிறத்திலேயே வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றுங்கள். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பது மலையில் ஏமாற்றும். மேலே காய்ந்திருக்கும், அடியில் குளிர்ந்து ஊறிக்கொண்டிருக்கும்.

என் வீட்டில் மண் தொட்டி ஹவொர்தியாவுக்குப் பிப்ரவரி முதல் மே வரை 10, 12 நாளுக்கு ஒருமுறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அக்டோபர், நவம்பரில் ஒரு தடவை ஊற்றினாலே அதிகம். உங்கள் வீட்டுக்கணக்கு இதிலிருந்து மாறும், அதற்குத்தான் ஈர்க்கு.

ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வழியும் வரை நன்றாக ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதை அரை மணியில் கொட்டிவிடுங்கள். காலை 9 மணிக்கு ஊற்றுவது நல்லது, மாலையில் ஊற்றினால் ராத்திரிக் குளிரில் ஈரம் அப்படியே நிற்கும். அடுக்கின் நடுவில் தண்ணீர் தேங்கினால் ஊதிவிடுங்கள். புகை மாதிரி தண்ணீர் தூவும் ஸ்பிரே பாட்டில் வேண்டவே வேண்டாம், அந்த வேலையை மஞ்சு ஏற்கெனவே செய்கிறது. வானம் தெளிந்த நாளில் 10 மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, மஞ்சு ஏறும் முன் சாத்திவிடுங்கள். ஜனவரி ராத்திரியில் இலை கண்ணாடியைத் தொடாமல் ஒரு சாண் உள்ளே தள்ளி வைப்பது நல்லது, ஊட்டியில் உறைபனி விழும் இடங்களில் இது கட்டாயம்.

10. கழுத்து நீண்டால், நிறம் மாறினால்

எச்சிவேரியாவின் இலைகளுக்கு நடுவே தண்டு தெரிய ஆரம்பித்தால் வெளிச்சம் போதவில்லை. நீண்டது திரும்பச் சுருங்காது. உடனே தூக்கி உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து தழும்பாகிவிடும், நான் அதையும் செய்திருக்கிறேன். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். பிப்ரவரி வந்ததும், அடுக்குக்குக் கீழே ஒரு அங்குலத் தண்டு விட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் வெட்டுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். கீழே மூன்று நான்கு நாள் போதும் என்பார்கள், இங்கே 10 நாள் விடுங்கள். அப்புறம் உலர்ந்த கலவைமேல் உட்கார வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் வேர் எட்டிப் பார்க்கும். மிச்சமிருக்கும் தண்டையும் எறிய வேண்டாம், அதில் பக்கத் தளிர் வரும்.

ஹவொர்தியா செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம், ஒரு அடி உள்ளே நகர்த்துங்கள். இலை மெலிந்து நிமிர்ந்து கம்பி போலப் போனால் வெளிச்சம் குறைவு.

தண்டு அழுகினால் யோசிக்காமல் வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் மறையும் வரை மேலே மேலே வெட்டிக்கொண்டே போக வேண்டும், முழுக்க வெளிர்பச்சையாகத் தெரிந்தால்தான் நிறுத்தலாம். வெட்டிய துண்டுகளைச் சோலைச் சரிவில் வீசாதீர்கள். சக்குலன்ட் துண்டு விழுந்த இடத்தில் வேர் விடும். நம் சோலைகளில் வெளியூர் மரங்கள் செய்திருப்பதே போதும்.

11. குட்டி பிரிப்பது

ஹவொர்தியா ஒரு வருடம் தாண்டியதும் அடியில் குட்டி போடும். தாயின் மூன்றில் ஒரு பங்கு அளவு வளரும் வரை தொடாதீர்கள். பிப்ரவரி அல்லது மார்ச்சில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது தொட்டியைக் கவிழ்த்து, குட்டியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். சொந்த வேரோடு வந்தால் இரண்டு நாள் காய வைத்து நடலாம். வேரில்லாமல் வந்தால் ஒரு வாரம் காய வையுங்கள்.

என்னிடம் இப்போது இருக்கும் ஐந்து ஹவொர்தியாவும் அக்காவின் ஜன்னல் செடி போட்ட குட்டிகள். கடைசியாகப் பிரித்த குட்டி ஒன்று, இந்த ஜூனில் புதிதாக மாற்றலில் வந்த கணக்கு டீச்சர் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சியோடு.